தகுதி வேறு, சான்று வேறு
கல்லூரிச் சேர்க்கையில் ஆவணப் பிழை நேர்ந்தால் என்ன செய்வது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளிலிருந்து கல்லூரியில் முதல் வகுப்பு தொடங்கும் நாள் வரையிலான இடைக்காலத்தில், ஒரு மாணவரைப் பற்றிய விவரங்கள் பள்ளி, அரசுத் தேர்வுகள் இயக்ககம், வட்டாட்சியர் அலுவலகம், இ-சேவை மையம், வங்கி, கலந்தாய்வுக் குழு, கல்லூரி அலுவலகம் எனக் குறைந்தது ஆறேழு இடங்களில் பதிவாகின்றன. இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ மாறிவிட்டால், அதன் விளைவைச் சுமப்பவர் அதைத் தவறாகப் பதிந்தவர் அல்லர். பெரும்பாலும் அந்தப் பிழையைப் பற்றி ஏதும் அறியாத மாணவரே. உழைத்துப் பெற்ற மதிப்பெண் ஒரு காகிதக் குறைபாட்டால் பயனற்றுப் போவது, தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று கடந்து செல்லத்தக்கதன்று. அது நிர்வாகம் பொறுப்பேற்று நீக்கவேண்டிய அநீதி. இத்தகைய பிழைகள் எங்கே பிறக்கின்றன, அவற்றைச் சட்டம் எவ்வாறு பார்க்கிறது, எந்த வரிசையில் தீர்வு தேடவேண்டும் என்பவற்றைத் தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒற்றைச் சாளரத்தின் அமைப்பு

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புகளுக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, அதாவது பல கல்லூரிகளின் இடங்களை ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை ஆகியவற்றின் வழியே நிரப்பும் முறை, 1997-ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. தொழிற்கல்விக்கென 1984 முதல் நடந்துவந்த நுழைவுத்தேர்வு, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாயிற்று. கலந்தாய்வு 2018-இல் முழுமையாக இணையவழிக்கு மாறியது. 2019 முதல் அதனைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திவருகிறது. சென்னைக்கு நேரில் வந்து, திரையில் காலியிடங்களைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த பழைய முறையில் எதிரே அமர்ந்திருந்த அலுவலரிடம் கேட்டு உடனே திருத்திக்கொள்ள முடிந்த பல சிறு பிழைகள், இணையவழி முறையில் மாணவரின் கண்ணுக்கே தெரியாமல் அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிடும் வாய்ப்பு மிகுதி.

இந்த முறையின் உயிர்நாடி 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண் ஆகும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மதிப்பெண்கள் சுருக்கிக் கூட்டப்படுகின்றன. ஒரே கட்-ஆஃப் பெற்றவர்கள் பலர் இருக்கும்போது கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண் முதலியவை வரிசையாக ஒப்பிடப்பட்டு, அவையும் சமமாக இருப்பின் பிறந்த தேதியின்படி மூத்தவருக்கு முன்னுரிமை தரப்பட்டு, அதுவும் ஒன்றாக இருந்தால் கணினி வழங்கும் சமவாய்ப்பு எண், அதாவது மாணவர்கள் 'ரேண்டம் நம்பர்' என்று அழைக்கும் பத்திலக்க எண், தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஆகவே பிறந்த தேதியில் ஏற்படும் ஓரெண் பிழையும் வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடாமல், தரவரிசையில் ஒருவரது இடத்தையே மாற்றக்கூடியதாகிறது.

தரவரிசைக்கு அடுத்தபடியாக அமைவது இடஒதுக்கீடு. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்ளிட்ட 18, பழங்குடியினருக்கு 1 என்று இடங்கள் பகுக்கப்படுகின்றன. இவற்றோடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் பயின்றவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும், குடும்பத்தில் வேறு பட்டதாரி இல்லாதவருக்கு முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகையும் உள்ளன. இவ்வுரிமைகளில் எதுவும் தானாக வந்து சேர்வதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழின் வழியாகவே மாணவரை வந்தடைகிறது. சான்றிதழில் பிழை இருந்தால் உரிமை இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

பிழைகள் பிறக்கும் இடங்கள்

மிகுதியாகக் காணப்படுவது பெயரும் முதலெழுத்தும் தொடர்பான முரண்பாடு. தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லாததால், தந்தை பெயரின் முதலெழுத்தை, அதாவது இனிஷியலை, பெயருக்கு முன் இடுவதே பொது வழக்கு; ஆனால் ஆதார், வங்கி, தேசிய அளவிலான நுழைவுத்தேர்வு ஆகியவற்றின் படிவங்கள் முதற்பெயர், இறுதிப்பெயர் என்ற பகுப்பைக் கேட்கின்றன. இதனால் ஒரே மாணவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ம. கார்த்திகா' என்றும், ஆதாரில் 'கார்த்திகா மணிவண்ணன்' என்றும், வங்கிக் கணக்கில் 'கார்த்திகா எம்' என்றும் பதிவாகிறார். 'வித்யா' போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'எச்' எழுத்து சேர்வதும் விடுபடுவதும், 'முத்துக்குமார்' ஓரிடத்தில் ஒரு சொல்லாகவும் வேறோரிடத்தில் இரு சொல்லாகவும் வருவதும் இதே வகையைச் சேர்ந்தவை. மனிதர் பார்த்தால் ஒருவரே என்று எளிதில் அறியக்கூடிய இவ்வேறுபாடுகளை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினி இரு வேறு நபர்களாகக் கருதிவிடுகிறது.

இரண்டாவது வகை, வருவாய்த் துறைச் சான்றிதழ்களில் நேர்வது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது, முதலில் விண்ணப்பதாரரின் பெயர், முகவரி, பெற்றோர் விவரம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் அடையாள எண் உருவாக்கப்படுகிறது; மையங்களில் 'கேன் நம்பர்' என்று வழங்கும் இவ்வெண்ணோடு சேமிக்கப்பட்ட விவரங்களே பின்னர் ஒவ்வொரு சான்றிதழிலும் தாமாக அச்சாகின்றன. தந்தையின் பெயர் இங்கே தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், சான்றிதழை எத்தனை முறை புதிதாக வாங்கினாலும் அதே தவறு மீண்டும் வரும். கேன் பதிவைத் திருத்திய பிறகே புதிய விண்ணப்பம் பயன் தரும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரைக் கடந்து வட்டாட்சியர் நிலைக்குச் செல்லவேண்டியிருப்பதால், சேர்க்கைக் காலத்தில் ஒரு திருத்தத்துக்கு ஆகும் நாள்களே மாணவரின் பெரும் இழப்பாகிவிடுகின்றன. பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலான அலுவலரே வழங்கவேண்டும் என்பதால், அம்மக்கள் சந்திக்கும் காலதாமதம் பிறரைவிட அதிகம்.

மூன்றாவது வகை, சான்றிதழ் உண்மையானதாக இருந்தும் அது உரிய படிவத்தில் இல்லாமை. தமிழ்நாடு அரசு வழங்கும் பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்குப் போதுமானது, ஆனால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் சேர, மத்திய அரசின் படிவத்தில் வழங்கப்படும் ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் விண்ணப்பதாரர் 'கிரீமி லேயர்' எனப்படும் வளமான பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்ற குறிப்புடன், அந்தந்த நிதியாண்டில் பெறப்பட்டதாக இருக்கவேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இடம்பெறுவதில்லை என்பதும், பெயர்கள் இரண்டிலும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை என்பதும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான ஒதுக்கீடு லெப்பை, மாப்பிள்ளை போன்ற குறிப்பிட்ட பிரிவினருக்கே உரியது. சான்றிதழில் பிரிவின் பெயர் இல்லாமல் 'முஸ்லிம்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தால் தகுதியுடைய மாணவரும் பொதுப்பிரிவில் வைக்கப்பட நேரிடும்.

நான்காவது வகை, விருப்பப் பட்டியலில், அதாவது கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் மாணவர் முன்னுரிமை வரிசையில் பதியும் கட்டத்தில் நேர்வது. பெயரால் ஒத்திருக்கும் கல்லூரிகளைக் குறியீட்டு எண்ணே பிரித்துக் காட்டுகிறது. கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் எண் 2006; அதே அறக்கட்டளையின் மற்றொரு நிறுவனமான பி.எஸ்.ஜி. இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி அண்ட் அப்ளைடு ரிசர்ச்சின் எண் 2377. பெயரின் முற்பகுதியை மட்டும் பார்த்துப் பட்டியலிடும் மாணவர், தாம் எண்ணியிராத வளாகத்தில் இடம்பெற்றுவிடலாம். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பாடப்பிரிவும் 'எஸ்.எஸ்.' என்று குறிக்கப்படும் சுயநிதிப் பாடப்பிரிவும் இருக்கும்போது, அவ்விரு எழுத்துகளைக் கவனியாது விடுவது கட்டணத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் மாணவர் முன் ஐந்து வழிகள் வைக்கப்படுகின்றன: இடத்தை ஏற்றுச் சேர்தல், ஏற்றுக்கொண்டு பட்டியலில் மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருத்தல், மறுத்துவிட்டு மேலுள்ள விருப்பத்துக்கு மட்டும் காத்திருத்தல், மறுத்து அடுத்த சுற்றுக்குச் செல்லுதல், கலந்தாய்விலிருந்தே விலகுதல். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் திரையில் இருக்கும் வேறுபாடு ஒரு சொல்தான். விளைவிலோ முன்னது கையிலுள்ள இடத்தைக் காக்கிறது, பின்னது அதைக் கைவிடுகிறது. அண்மை ஆண்டுகளின் அட்டவணைகளில் இம்முடிவுக்கு இரண்டு நாள் அளவிலேயே அவகாசம் தரப்படுவதால், இணைய மையத்தில் பிறர் கையால் பதிவு செய்யும் கிராமப்புற மாணவர்கள் இக்கட்டத்தில் மிகுந்த விழிப்போடு இருக்கவேண்டும்.

நீதிமன்றங்கள் வகுத்த கோடு

இப்பிழைகளைப் பற்றிய இந்தியச் சட்டச் சிந்தனையின் மையத்தில் 1980-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நிற்கிறது. கேரளத்தில் மருத்துவ மேற்படிப்புச் சேர்க்கையில் டிப்ளமோ பெற்றவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் வழங்கப்பட்டபோது, கடைசி நாளுக்கு முன்பே டிப்ளமோவில் தேறியிருந்தும் அதற்கான சான்றைப் பின்னரே அளிக்க முடிந்தவர்களுக்கு அம்மதிப்பெண் உண்டா என்ற கேள்வி எழுந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, தகுதியைக் குறித்த நாளுக்குள் உண்மையில் பெற்றிருப்பது இன்றியமையாதது என்றும், அதை நிரூபிக்கும் காகிதம் தேர்வு முடிவதற்குள் வந்து சேர்ந்தால் போதுமானது என்றும் இரண்டையும் பிரித்துக் காட்டியது. தகுதி வேறு, தகுதிக்கான சான்று வேறு என்னும் இவ்வேறுபாடே, பின்வந்த பல மாணவர்களுக்குத் துணைநின்ற கோட்பாடாகும்.

ஒடிசாவில் முன்னாள் படைவீரரின் மகளுக்கு, மாவட்டப் படைவீரர் வாரியம் முதலில் வழங்கிய சான்றிதழில் இருந்த தவறால் மருத்துவ இடம் மறுக்கப்பட்ட வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே வழியைப் பின்பற்றியது. சான்றிதழ் வழங்கிய அலுவலகத்தின் தவறுக்கு மாணவியைப் பொறுப்பாக்க முடியாது என்றும், உரிமை உண்மையில் இருக்கும்போது அதற்கான ஆதாரத்தை அளிப்பதில் சற்று நெகிழ்வு காட்டலாம் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று, மருத்துவச் சேர்க்கைக்கு விதிக்கப்பட்ட செப்டம்பர் 30 என்னும் கடைசி நாள் மீறத்தகாதது என்பதை வலியுறுத்திய அதே வேளையில், மாணவர் மீது எக்குற்றமும் இல்லாத அரிதான நிலைகளில் விலக்கு அளிக்கலாம் என்று ஏற்றது. 2019 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, தகுதியான மாணவருக்கு அநியாயமாக இடம் மறுக்கப்பட்டால் இழப்பீடு மட்டுமே போதுமான தீர்வாகாது என்றும், அவ்வாண்டே மிகச் சில இடங்களைக் கூட்டியோ, அது இயலாதபோது அடுத்த ஆண்டிலோ இடம் தரலாம் என்றும் விளக்கியது. அத்தீர்ப்பு இதற்கு இரு நிபந்தனைகளை விதித்தது: மாணவர் தரப்பில் தவறு இருக்கலாகாது, அவர் காலந்தாழ்த்தாமல் உடனே நீதிமன்றத்தை அணுகியிருக்கவேண்டும்.

கணினித் திரையில் நேரும் பிழைகளும் இவ்வாறே நீதிமன்றத்தை எட்டியுள்ளன. 2020-இல் ஆக்ராவைச் சேர்ந்த, பெற்றோரை இழந்த மாணவர் ஒருவர், ஐ.ஐ.டி. பம்பாயில் இடம்பெற்ற பிறகு, அடுத்த சுற்றுகளிலிருந்து மட்டும் விலகுவதாக எண்ணித் தவறான இணைப்பை அழுத்தியதால் இடத்தையே இழந்தபோது, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையால் அவரைச் சேர்க்கச் செய்தது. 2021 நவம்பரில், வங்கி அட்டை வழியே கட்டணம் செல்லாததால் அதே நிறுவனத்தில் இடமிழந்த தலித் மாணவருக்கும், 2024 செப்டம்பர் 30 அன்று, 17,500 ரூபாயைத் திரட்டுவதற்குள் கடைசி நேரம் கடந்துவிட்டதால் ஐ.ஐ.டி. தன்பாத்தில் இடமிழந்த கூலித் தொழிலாளியின் மகனுக்கும் இடம் வழங்க அந்நீதிமன்றம் ஆணையிட்டது. தன்பாத் வழக்கில் அந்த உத்தரப் பிரதேச மாணவர், அவ்வாண்டு நுழைவுத்தேர்வை ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தியதால், முதலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவையும் தட்டவேண்டியிருந்தது. அவருக்கு இடம் 'மிகை இடமாக', அதாவது ஏற்கெனவே சேர்ந்த எவரையும் வெளியேற்றாமல் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் உருவாக்கப்படும் இடமாக, வழங்கப்பட்டது.

பெயர்த் திருத்தம் குறித்து 2021 ஜூன் 3 அன்று சி.பி.எஸ்.இ. தொடர்பாக வந்த தீர்ப்பும் முக்கியமானது. ஒருவரின் பெயர் அவரது அடையாளத்தின் பிரிக்கவியலாக் கூறு என்றும், அதைத் தாம் விரும்பியவாறு பதிவுசெய்துகொள்வது கருத்துரிமையோடு இணைந்தது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளிப் பதிவேட்டுக்கு ஏற்பச் செய்யப்படும் திருத்தம், பொது ஆவணங்களுக்கு ஏற்பச் செய்யப்படும் மாற்றம், புதிய பெயரை ஏற்பதால் வரும் மாற்றம் ஆகியவற்றை அது வேறுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் நியாயமான வழி இருக்கவேண்டும் என்று வாரியத்தைப் பணித்தது.

இவற்றைப் படிப்போர், எல்லாப் பிழைகளையும் நீதிமன்றம் மன்னித்துவிடும் என்று கருதிவிடலாகாது. உத்தரப் பிரதேசக் காவல் பணித் தேர்வு தொடர்பாக 2025 மே மாதம் வந்த தீர்ப்பில், அறிவிப்பில் கேட்கப்பட்ட படிவத்தில் இல்லாமல் வேறு படிவத்தில் சாதிச் சான்றிதழ் அளித்தவர்களுக்கு உச்ச நீதிமன்றம் நிவாரணம் மறுத்தது. விதி தெளிவாக அறிவிக்கப்பட்டு, அதைப் பின்பற்றப் போதிய காலமும் தரப்பட்டிருந்தால், கவனக்குறைவு விண்ணப்பதாரருடையதாகவே கொள்ளப்படும். ஒருவருக்காகக் கடைசி நாள் தளர்த்தப்பட்டால் தரவரிசையில் அவருக்குப் பின்னுள்ள பலரின் ஒதுக்கீடு அசையக்கூடும் என்பதால், காலவரம்பும் மாணவர்களின் நலனைக் காக்கும் ஏற்பாடுதான். எனவே நீதிமன்றம் கடைசி வழி. அதற்கு முன்பே செய்து முடிக்கவேண்டியவை பல.

தீர்வின் வரிசை

பிழை தெரியவந்தவுடன் முதலில் கண்டறியவேண்டியது, அது எந்தப் பதிவில் பிறந்தது என்பதே. கலந்தாய்வுத் தளத்தில் தவறாகத் தெரியும் பிறந்த தேதி, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் சரியாகவும் மதிப்பெண் சான்றிதழில் தவறாகவும் இருக்கலாம். அப்போது தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குத் திருத்த விண்ணப்பம் செல்லவேண்டும். பள்ளிப் பதிவேட்டிலேயே தவறு இருப்பின், பிறப்புச் சான்றிதழைக் கொண்டு அங்கிருந்து தொடங்கவேண்டும். கீழ்நிலை ஆவணத்தை மட்டும் திருத்திவிட்டு மூல ஆவணத்தை அப்படியே விடுவது, இன்று தீர்ந்ததாகத் தோன்றும் சிக்கலைக் கல்வி உதவித்தொகை, கடவுச்சீட்டு, வேலைவாய்ப்பு என ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் எழச் செய்யும். பெயரையே மாற்றிக்கொள்ள விரும்புவோர் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிடுவதே முறையான வழி; எழுத்துப் பிழைக்கு அது தேவையில்லை.

இரண்டாவதாக, முறையீடு அன்றே எழுத்தில் இருக்கவேண்டும். தொலைபேசியில் பேசி 'பார்த்துக்கொள்கிறோம்' என்ற பதிலைப் பெற்றுத் திரும்புவது, பின்னர் எதையும் நிரூபிக்க உதவாது. விண்ணப்ப எண், மாணவர் பெயர், பிழை என்ன, சரியான விவரம் என்ன, அதற்கான ஆதாரம் எது, கோரப்படும் தீர்வு எது என்ற ஆறு செய்திகளையும் ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதி, உதவி மையத்தில் அளித்து, நகலில் தேதியும் முத்திரையும் இட்ட ஒப்புகை பெறவேண்டும். அதையே மின்னஞ்சலிலும் அனுப்பவேண்டும். திரையில் தோன்றிய பிழைச் செய்தியை நாளும் நேரமும் தெரியுமாறு படமெடுத்து வைப்பதும் இன்றியமையாதது. மாணவர் தாம் உடனே முயன்றதைப் பின்னர் காட்டத் துணைநிற்பவை இத்தகைய பதிவுகளே.

மூன்றாவதாக, கலந்தாய்வு அட்டவணையில் குறைதீர்ப்புக்கென ஒதுக்கப்படும் நாள்களைத் தவறவிடலாகாது. தரவரிசைப் பட்டியல் வெளியானவுடன் தமது வகுப்புப் பிரிவு, கட்-ஆஃப், பிறந்த தேதி, கோரிய சிறப்பு ஒதுக்கீடு ஆகியவை சரியாக உள்ளனவா என்று மாணவர் வரிவரியாகச் சரிபார்த்து, வேறுபாடு இருப்பின் அந்த நாள்களுக்குள் தெரிவிக்கவேண்டும். விண்ணப்பத்திலேயே கோராத ஒதுக்கீட்டைப் பின்னர் கோருவது மிகக் கடினம் என்பதால், சான்றிதழ் கைக்கு வரவில்லை என்பதற்காக அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல், விண்ணப்பித்ததற்கான இ-சேவை ஒப்புகைச் சீட்டைக் காட்டி, சான்றிதழைப் பின்னர் அளிக்கக் கால அவகாசம் எழுத்துமூலம் கேட்கவேண்டும். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள், மதிப்பெண் கூடியவுடன் அது தரவரிசையில் ஏறியுள்ளதா என்பதைத் தாமே உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

நான்காவதாக, பெயர் வேறுபாடு சிறிதாக இருக்கும்போது, இரு பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பவை என்று கூறும் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி சான்றுடன் அளித்தால் பல கல்லூரிகள் தற்காலிகமாக ஏற்கின்றன. ஆனால் சான்றிதழில் தம் கையால் எழுத்தைத் திருத்துவதும், இடைத்தரகரிடம் பணம் கொடுத்து 'சரிசெய்த' சான்றிதழ் வாங்குவதும் ஒருபோதும் கூடா. அப்பாவியாகத் தொடங்கிய பிழை, அந்த நொடியிலிருந்து போலி ஆவணக் குற்றமாகிவிடும். சேர்க்கை ரத்தாவதோடு, மாணவர் மீது குற்றமில்லை என்று வாதிடும் வாய்ப்பும் அழிந்துவிடும்.

கட்டணமும் அசல் சான்றிதழ்களும்

வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்தும் கலந்தாய்வுத் தளத்தில் கட்டணம் செலுத்தப்பட்டதாகக் காட்டாத நிலை அடிக்கடி நேர்கிறது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, இணையவழி அட்டைப் பரிவர்த்தனையோ நிறுவனத்துக்குச் செய்த யு.பி.ஐ. பரிவர்த்தனையோ தோல்வியுற்றால் ஐந்து நாள்களுக்குள் பணம் திரும்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் பணம் திரும்பி வருவது கட்டணம் செலுத்தியதாகாது என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ளவேண்டும். பரிவர்த்தனை எண்ணுடன் கலந்தாய்வுக் குழுவுக்கு அன்றே எழுதிவிட்டு, இயலுமாயின் வேறொரு கணக்கிலிருந்து உடனே மீண்டும் செலுத்துவதும், இருமுறை சென்ற தொகையைப் பின்னர் திரும்பப் பெறுவதுமே பாதுகாப்பான வழி.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைத்துக்கொள்வது, பிழையைத் திருத்தவும் வேறு கல்லூரிக்கு மாறவும் பெரும் தடையாகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து உடனே மாணவரிடம் திருப்பித் தரவேண்டும். எந்நிலையிலும் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அக்குழு ஆண்டுதோறும் வழிகாட்டுதலை வெளியிடுகிறது. எடுத்துக்காட்டாக 2024-25 கல்வியாண்டில் செப்டம்பர் 30 வரை விலகியோருக்கு முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை விலகியோருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்து எஞ்சியதும் திருப்பித் தரப்படவேண்டும் என்று விதிக்கப்பட்டது.

அனைத்து வழிகளும் அடைபட்ட பிறகு, அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, ரிட் மனு தாக்கல் செய்யலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கும், வருமானத்தைக் கருதாமல் இலவசச் சட்ட உதவி வழங்குகிறது; 15100 என்ற எண்ணில் அதற்கான வழிகாட்டுதலைப் பெறலாம். வழக்கறிஞருக்குத் தர வசதியில்லை என்பதால் உரிமையைக் கைவிடவேண்டிய நிலை, சட்டப்படி எந்த ஏழை மாணவிக்கும் இல்லை.

நிர்வாகத்தின் கடமை

மாணவரின் விழிப்பு இன்றியமையாததே. ஆயினும் முழுச் சுமையையும் பதினேழு வயதினரின் தோளில் ஏற்றிவிடுவது நியாயமாகாது. விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது 'ஆவணம் சரியில்லை' என்ற பொத்தாம்பொதுவான குறிப்பை விட்டு, எந்த ஆவணத்தில் எந்த வரியில் என்ன குறை, அதை எத்தனை நாளுக்குள் யாரிடம் திருத்தலாம் என்று தமிழில் எழுதித் தருவது கலந்தாய்வுக் குழுவின் கடமை. முதலெழுத்தின் இடமாற்றம், பெயரில் இடைவெளி, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆகியவற்றைத் தகுதிக் குறையாகக் கொள்ளாமல், உதவி மைய அலுவலரே பார்த்து ஏற்கக்கூடிய தனி வகையாக அறிவிக்கவேண்டும். இடத்தைக் கைவிடச் செய்யும் எந்தத் தேர்வுக்கும், அதன் விளைவைத் தெளிவாகக் கூறி மாணவரின் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெறும் இரண்டாவது உறுதிப்பாடு இருக்கவேண்டும். சேர்க்கைக் காலத்தில் வட்டாட்சியர் அலுவலகங்கள் மாணவர்களின் சான்றிதழ்த் திருத்தங்களுக்கு முன்னுரிமை வரிசை அமைப்பதும், ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவரின் பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பள்ளிகள் பெற்றோர் முன்னிலையில் ஒப்பிட்டுச் சரிசெய்வதும், மே மாத நெருக்கடியின் பெரும்பகுதியை முன்கூட்டியே தவிர்த்துவிடும்.

மதிப்பெண் மாணவர் உழைத்து ஈட்டியது. சான்றிதழ் அலுவலகம் எழுதித் தருவது. பின்னதில் நேர்ந்த பிழைக்காக முன்னதைப் பறிக்கலாகாது என்பதைக் கிருஷ்ணய்யர் 1980-இலேயே தெளிவாக்கிவிட்டார். அந்த நெறி உச்ச நீதிமன்றம் வரை செல்ல இயன்ற ஒருசிலருக்கு மட்டும் கிட்டும் நிவாரணமாக இருப்பது போதாது. ஒவ்வொரு கலந்தாய்வு உதவி மையத்திலும் ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் அது அன்றாட நடைமுறையாகவேண்டும். அதுவரை பெற்றோரும் மாணவரும் செய்யவேண்டியது, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்கு முன்பே எல்லாச் சான்றிதழ்களையும் ஒன்றாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும், பிழை தென்பட்ட அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுவதுமே ஆகும்.